பல்செட்டில் பூஞ்சை: பொருளையும் தேய்மானத்தையும் பார்த்துப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல்செட் போட்டிருப்பவரின் மேலண்ணம் சிவந்திருப்பது தெரிந்ததும் வீட்டில் முதலில் தேடுவது வாயில் பூசும் மருந்தைத்தான். மருந்து போட்டால் சிவப்பு குறையும். நிறுத்திய சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். கேண்டிடா என்ற பூஞ்சை வாயில் மட்டும் இருப்பதில்லை, பல்செட்டின் உள்பக்கத்திலும் குடியிருக்கிறது. வாயைக் குணப்படுத்திவிட்டு அதே பல்செட்டை மாட்டினால், பூஞ்சையையும் சேர்த்து மாட்டுகிறோம்.

சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பிள்ளைகள், மருமகள்கள், வீட்டுப் பணிப்பெண்கள் என்று புதிதாகப் பொறுப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பல்செட் எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாமலே கழுவ ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பொருள் முதலில், தேய்மானம் அடுத்து, கழுவுவது அதற்கப்புறம்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பல்செட்டுக்கென்று தனியாக ஒரு மென்மையான பிரஷ். வாயைத் துலக்கும் பிரஷை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒன்றில் இருக்கும் பூஞ்சை மற்றதற்குப் போகும்.

வாசனை அதிகமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் அல்லது சாதாரண திரவச் சோப்பு. பல்செட் ஊறவைக்கும் மாத்திரை. எந்த மருந்துக் கடையிலும், பேரங்காடியிலும் கிடைக்கும். மூடியுள்ள ஒரு கிண்ணம், ஒரு சிறிய டார்ச், கொஞ்சம் பஞ்சு, படம் எடுக்கக் கைப்பேசி.

கழுவும் தொட்டியில் பாதியளவு தண்ணீர் நிரப்புங்கள், அல்லது அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். சோப்பு பட்ட பல்செட் வழுக்கும். தொட்டியில் விழுந்தால் அக்ரிலிக் (பெரும்பாலான பல்செட்டுகளைச் செய்யும் கெட்டியான பிளாஸ்டிக்) விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் பூஞ்சைக்கு இடம்தான்.

2. என்ன பொருள் என்று கண்டுபிடியுங்கள்

பல்செட் செய்துகொடுத்த கிளினிக்கைக் கேட்பதுதான் நிச்சயமான வழி. கேட்க முடியாவிட்டால் கையில் எடுத்துப் பாருங்கள்.

முழுக்க இளஞ்சிவப்பாக, கெட்டியாக, தட்டினால் 'டக்' என்று ஒலித்தால் அது பெரும்பாலும் அக்ரிலிக். சூடேற்றி இறுக்கிய அக்ரிலிக்தான் வழக்கமான வகை. இதைச் செய்யும்போது மாவோடு கலக்கும் மோனோமர் என்ற திரவம் சுமார் 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். சூட்டை அவசரமாக ஏற்றினால் அது ஆவியாகி உள்ளே நுண்குமிழ்களை விட்டுச்செல்லும். பொறுமையாகச் செய்த பல்செட்டில் அந்தக் குமிழ்கள் குறைவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பல்செட்டுகளில் ஒன்றில் மட்டும் நாற்றமும் படலமும் சீக்கிரம் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடேற்றாமல் அறை வெப்பத்திலேயே இறுகும் அக்ரிலிக்கும் உண்டு. உடைந்த பல்செட்டை ஒட்டவும், கிளினிக்கில் உடனடியாக ரீலைன் (பல்செட்டின் உள்பக்கத்தில் புது அடுக்குப் போட்டு வாய்க்குப் பொருத்துவது) செய்யவும் இதைப் பயன்படுத்துவார்கள். இதில் நுண்துளைகளும், மிச்சம் நிற்கும் மோனோமரும் அதிகம். அதனால் ஒட்டுப்போட்ட கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களைவிட அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

வெள்ளி நிறத் தகடோ கொக்கியோ தெரிந்தால் அது உலோகம், பெரும்பாலும் கோபால்ட் குரோமியக் கலவை. உலோகப் பரப்பு வழவழப்பாக இருப்பதால் பூஞ்சை ஒட்டுவது குறைவு. ஆனால் உலோகமும் அக்ரிலிக்கும் சேரும் ஓரத்தில் காலப்போக்கில் மெல்லிய இடைவெளி விழும். உலோகப் பல்செட்டில் அழுக்கு முதலில் சேருவது அந்த ஓரத்தில்தான்.

வளைத்தால் வளைந்துகொடுக்கும், உலோகக் கொக்கி இல்லாத பகுதிப் பல்செட் என்றால் நைலான். போட்டுக்கொள்ள சுகமானது. ஆனால் நைலானைப் பளபளப்பாக்குவது கடினம், கெட்டியான பிரஷ் பட்டால் பரப்பு சீக்கிரம் சொரசொரப்பாகிவிடும்.

உள்பக்கத்தில் ரப்பர் போல அமுங்கும் அடுக்கு இருந்தால் அது சாஃப்ட் லைனர். பூஞ்சை விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சிலிக்கோன் வகை கொஞ்ச காலம் தாங்கும். அக்ரிலிக் வகையில் மென்மைக்காகச் சேர்த்த பொருள் எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். அது போனதும் அடுக்கு விறைத்து, துளைவிழுந்து, பூஞ்சை உள்ளேயே வேர்விடும். அப்படி ஊடுருவியதை எந்தப் பிரஷும் எடுக்காது. புண் ஆறுவதற்காகத் தற்காலிகமாகப் பூசும் மென்பூச்சு இன்னும் குறுகிய காலத்துக்கானது. அதை வாரக்கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில் அல்ல. டாக்டர் கொடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

புதிய பல்செட் என்றால், இயந்திரம் கடைந்து எடுத்ததா, முப்பரிமாண அச்சில் வந்ததா என்று கேளுங்கள். கடைந்தெடுப்பது ஏற்கெனவே அழுத்தத்தில் நன்றாக இறுக்கிய கட்டியிலிருந்து என்பதால் நுண்துளைகள் குறைவு. அச்சிடும்போது அடுக்கடுக்காக வளர்வதால் பரப்பு எப்படி அமையும் என்பது அச்சிட்ட கோணத்தையும், பிறகு செய்த மெருகையும் பொறுத்தது.

3. தேய்மானத்தைப் பாருங்கள்

பல்செட்டின் வெளிப்பக்கத்தை ஆய்வகத்தில் மெருகேற்றுவார்கள். உள்பக்கத்தை அப்படி இழைக்க முடியாது. இழைத்தால் அண்ணத்தோடு பொருந்தும் வடிவமே போய்விடும். ஆக, உள்பக்கம் புதிதாக வரும்போதே கொஞ்சம் சொரசொரப்பானது. இதற்கு மேல் கீறல் சேர்த்தால் நிலைமை மோசமாகும்.

பரப்பின் சொரசொரப்பு சராசரியாக 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிகள் சேர்வது கூடும் என்பது பல் மருத்துவத்தில் எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. ஒரு கேண்டிடா செல் ஏறக்குறைய 4 முதல் 6 மைக்ரோமீட்டர். அந்த அகலத்துக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், செல் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். பிரஷின் இழை அதைவிடப் பல மடங்கு தடிமனானது என்பதால் அங்கே போய்ச் சேராது.

பல்செட்டைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு பாருங்கள். ஈரம் கீறல்களை மறைத்துவிடும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கோடுகள் நிழலோடு தெரியும். பிறகு பஞ்சை மெதுவாக உள்பக்கத்தில் இழுத்துப்பாருங்கள். இழை எங்கே சிக்குகிறதோ அங்கே விரிசலோ கூரான ஓரமோ இருக்கிறது.

வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கல் போல ஒட்டியிருந்தால் அது எச்சிலில் உள்ள கால்சியம் படிந்த காரை. மேல்செட்டில் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கமும், கீழ்செட்டில் முன்பற்களின் நாக்குப்பக்கமும் அதிகம் சேரும். எச்சில் சுரக்கும் வாய்கள் அங்கேதான் இருக்கின்றன. இதைக் கத்தியால் சுரண்டாதீர்கள். கிளினிக்கில் அதிர்வுக் கருவியால் எடுத்துவிடுவார்கள்.

உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவைத்து, அடுத்த மாதம் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். தேய்மானம் மெல்ல நடப்பது. படம் இல்லாவிட்டால் கண் அதற்குப் பழகிவிடும்.

4. கறையையும் பூஞ்சையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

நம் வீடுகளில் மிகவும் சகஜமான சிக்கல் இது என்பதால் தனியாகச் சொல்கிறேன். மீன் கறி, சாம்பார், ரசம் என்று நம் சாப்பாட்டில் மஞ்சள் இல்லாத நாள் குறைவு. அப்புறம் தேநீர், காப்பி, சில பெரியவர்களுக்கு வெற்றிலை. இவையெல்லாம் அக்ரிலிக்கிலும் நைலானிலும் நிறமாக இறங்கும்.

கறையைப் பார்த்ததும் அழுக்கு என்று நினைத்துப் பற்பசையால் அழுத்தித் தேய்ப்பார்கள். பற்பசையில் உள்ள நுண்துகள்கள் இயற்கைப் பல்லின் எனாமலுக்கு ஏற்றவை. எனாமலைவிட அக்ரிலிக் மிகவும் மென்மையானது, அதனால் கீறிக்கொண்டே போகும். உப்பு, சமையல் சோடா, சிவப்புப் பல்பொடி, உமிக்கரி எல்லாமே இந்த வேலையைத்தான் செய்யும். கறை கொஞ்சம் மங்கும், பரப்பு கெடும், அந்தக் கீறலில் மறுபடியும் கறை இறங்கும். இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுப்பது இந்தச் சுற்றுதான்.

மஞ்சள் கறை இருந்தும் வழவழப்பாக இருக்கும் பல்செட், பளிச்சென்று வெளுத்துக் கீறல் விழுந்த பல்செட்டைவிட நல்லது. நிறம் உறுத்தினால் கிளினிக்கில் மெருகேற்றச் சொல்லுங்கள்.

5. கழுவும் வரிசை

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றி வெறும் தண்ணீரில் அலசினாலே போதும். இரவில் ஒரு தடவை முழுமையாகச் செய்ய வேண்டும்.

முதலில் அலசுங்கள். ஒட்டுப் பசை போட்டிருந்தால் அதை விரலாலும் ஈரத்துணியாலும் முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பழைய பசையின் மேல் புதுப்பசை பூசுவது தினமும் பார்க்கிற தவறு. அடியில் நிற்கும் பசை, பூஞ்சையை மூடிப் பாதுகாக்கும்.

அடுத்து சோப்புத் திரவத்தோடு மென்மையாகத் துலக்குங்கள். உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நிறைய பேர் வெளியில் தெரியும் பற்களைத்தான் பளபளப்பாக்குகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் மாத்திரை போட்ட தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். துலக்காமல் நேராக ஊறப்போட்டால் பலன் குறைவு. பூஞ்சை தன்னைச் சுற்றிப் பசைபோல ஒரு படலத்தை உருவாக்கிக்கொண்டு அதற்குள் இருக்கிறது. பிரஷ் அந்தப் படலத்தைக் கலைத்தால்தான் மருந்துநீர் உள்ளே போகும். தண்ணீரின் சூடு, ஊறவைக்கும் நேரம் இரண்டுக்கும் பெட்டியில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் மட்டும் எந்த வகைக்கும் கூடாது. பல்செட் கோணும். கோணிய பல்செட் அண்ணத்தில் உரசும், உரசிய இடத்தில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். கிருமியைக் கொல்கிறேன் என்று நுண்ணலை அடுப்பில் வைப்பதையும் வீட்டில் செய்ய வேண்டாம்.

கடைசியாக, வாயில் மாட்டும் முன் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மாத்திரைநீர் வாய்க்குள் போகக்கூடாது. நினைவு தடுமாறும் பெரியவர் உள்ள வீட்டில் அந்தக் கிண்ணத்தைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். குடிக்கும் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

பிளீச் பற்றிக் கேட்பார்கள். நீர்த்த பிளீச் பூஞ்சையைக் கொல்வது உண்மை. ஆனால் உலோகமோ, நைலானோ, சாஃப்ட் லைனரோ இல்லாத முழு அக்ரிலிக்குக்கு மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவில், 10 நிமிடத்துக்கு மேல் போகாமல். உலோகம் அரிக்கும், லைனர் கெடும், நேரம் நீண்டால் இளஞ்சிவப்பு வெளுக்கும். பிளீச்சோடு வினிகரைச் சேர்த்தால் நச்சு வாயு வரும், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உலோகப் பல்செட்டுக்குப் பூஞ்சை வந்தால் டாக்டர்கள் பொதுவாகக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலைச் சொல்வார்கள்.

6. இரவில் கழற்றுங்கள்

எல்லாப் படிகளிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மேல்செட் அண்ணத்தோடு ஒட்டி இருக்கும்போது எச்சில் அங்கே ஓடாது. எச்சிலில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் எட்டாது, அமிலத்தன்மை கூடும். கேண்டிடாவுக்கு அந்தச் சூழல் மிகவும் பிடிக்கும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ஏற்கெனவே குறைவு.

ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. வாயில் சேரும் கிருமிகள் தூக்கத்தில் நுரையீரலுக்கு இறங்க வாய்ப்பு உண்டு.

பெரியவர்கள் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்கம். பல் இல்லாத முகத்தை மருமகனோ, அதே அறையில் படுக்கும் பணிப்பெண்ணோ பார்க்கக்கூடாது என்பார்கள். அதட்டி வாங்காதீர்கள். "பாட்டி, விளக்கை அணைச்சதும் கழற்றிக் கிண்ணத்தில போடுங்க, காலையில நான் வர்றதுக்கு முன்னாடி மாட்டிக்கலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதற்கும் முடியாது என்றால், பகலில் தனியாக இருக்கும் சில மணி நேரமாவது அண்ணத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள்.

கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கிண்ணத்தையும் கழுவிக் காயவையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடிவைத்த பிளாஸ்டிக் டப்பா தானாகக் காயாது. ஈரமான பல்செட்டைத் திசுத்தாளில் சுற்றி வைக்காதீர்கள். அழுக்குத் தாள் என்று யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள்.

7. வாயையும் பாருங்கள்

பல்செட்டைக் கழற்றிய பின் அண்ணம், ஈறு, நாக்கு மூன்றையும் மென்பிரஷாலோ ஈரத்துணியாலோ துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது. இந்தத் தொற்று பெரும்பாலும் வலிக்காது.

ஆரம்பத்தில் ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள். அடுத்து பல்செட் மூடும் இடம் முழுவதும், அதன் எல்லை வரைந்தது போலச் சிவக்கும். நீண்ட நாள் விட்டால் அண்ணத்தின் நடுவில் மணல்மணலாகத் தடிக்கும். கடைவாயோரம் வெடித்துப் புண்ணாகியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இரண்டும் அடிக்கடி ஒன்றாக வரும்.

நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள், வாய் உலரவைக்கும் மாத்திரைகள் எடுப்பவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள், புகைப்பவர்கள், சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சர்க்கரையைப் பூஞ்சை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் பால் தேநீரைக் குறைத்து 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) பக்கம் வருவது நல்லது.

வெற்றிலை பாக்கு போடும் பழக்கமுள்ளவருக்குச் சிவப்போ வெள்ளைத் திட்டோ இரண்டு மூன்று வாரத்தில் மறையாவிட்டால், பூஞ்சைதான் என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். வாய்ப் புற்றுநோய் இல்லை என்று டாக்டர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

8. மருந்து கொடுத்தால்

பல்செட்டைக் கழற்றி, கழுவி, அப்புறம்தான் மருந்து. நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துத் திரவம் கொடுத்திருந்தால் பல்செட் இல்லாத வாயில், சொன்ன நேரம் வைத்திருக்க வேண்டும். பல்செட்டோடு கொப்பளித்தால் மருந்து பட வேண்டிய இடத்தில் படாது. சிவப்பு மறைந்ததும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரை தொடருங்கள்.

வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) எடுப்பவராக இருந்தால் டாக்டரிடமும் மருந்தாளரிடமும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பூஞ்சைக்குக் கொடுக்கும் மைக்கோனசோல் ஜெல் வாயில் பூசுவதுதானே என்று தோன்றும், ஆனால் அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடக்கூடும். பூஞ்சைக்கு விழுங்கும் ஃபுளுகோனசோல் மாத்திரையும் அப்படித்தான்.

9. எப்போது கிளினிக்குக்குப் போவது

பல்செட் ஆடுகிறது, பேசும்போது நழுவுகிறது, ஒட்டுப் பசை நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். பல் போன இடத்தில் தாடை எலும்பு வருடக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும், பல்செட் அப்படியே இருக்கும். இடைவெளியில் உணவும் பூஞ்சையும் சேரும், ஆட்டத்தில் அண்ணம் புண்ணாகும். பசையால் இதைச் சரிசெய்ய முடியாது, ரீலைன் செய்யலாமா, புதிது வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் பசையால் உடைந்ததை ஒட்டாதீர்கள். ஒட்டிய மேடு சொரசொரப்பாக நிற்கும், கடிமானமும் மாறிவிடும்.

போகும்போது மூன்றைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள்: மாதாமாதம் எடுத்த படங்கள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பல்செட் எப்போது செய்தது என்ற விவரம். சாஸ் (CHAS) என்ற சிங்கப்பூர் அரசின் மருத்துவ மானியத் திட்டத்தில் உள்ள பல் கிளினிக்குகளில் நீல, ஆரஞ்சு நிற அட்டை வைத்திருப்போருக்கும், மெர்டேக்கா, முன்னோடித் தலைமுறையினருக்கும் (அரசு தனிச் சலுகை தரும் மூத்த தலைமுறைகள்) பல்செட்டுக்கும் ரீலைனுக்கும் மானியம் உண்டு. எவ்வளவு என்பது அட்டையைப் பொறுத்தது, முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பல் பிரிவு உள்ள பலதுறை மருந்தகத்துக்கும் (பாலிகிளினிக்) போகலாம்.

ரீலைன் என்றால், கிளினிக்கிலேயே உடனே செய்வதா, ஆய்வகத்துக்கு அனுப்பிச் சூடேற்றிச் செய்வதா என்று கேளுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் பல்செட் இல்லாமல் இருக்க வேண்டிவரும், ஆனால் பூஞ்சைத் தொல்லை திரும்பத் திரும்ப வருபவருக்கு அந்தப் பரப்புதான் மேல்.

10. பழைய பல்செட்டை என்ன செய்வது

புதிது வந்ததும் பழையதை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் போட்டுவைப்பார்கள். புதியது பழுதுக்குப் போகும் நாளில் அதை எடுத்துத் துடைத்து மாட்டுவார்கள். குணமான அண்ணம் மறுபடியும் சிவக்க இது ஒரு வழி.

பழையதில் சாஃப்ட் லைனர் இருந்தால் வைத்திருக்காதீர்கள். முழு அக்ரிலிக் என்றால் கிளினிக்கில் கொடுத்து சுத்தம் செய்து, பொருத்தத்தையும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலே தேதியை எழுதி வையுங்கள். மாட்டும் முன் ஐந்தாம் படியில் சொன்ன வரிசையில் ஒரு தடவை முழுவதுமாகக் கழுவி, ஊறவைத்து, அலசிய பிறகே கொடுங்கள்.